அரையாண்டு லீவில் அந்தமான் கடற்கரை: எதை முதலில் புக் செய்வது, எதற்கு எவ்வளவு ஆகும், எங்கே மாட்டிக்கொள்வீர்கள்

டிசம்பர் விடுமுறைக்கு அந்தமான் என்று முடிவானதும் வீட்டில் நடப்பது இதுதான். விமான டிக்கெட் விலை பார்ப்பார்கள், அடுத்து கடலைப் பார்த்த அறை தேடுவார்கள், மற்றதெல்லாம் 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். ஊட்டிக்கும் கோவாவுக்கும் இது போதும். அந்தமானில் எடுபடாது. எங்களுக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட்டும் அதே வரிசையில்தான் போனார். விமானம் போட்டார், அறை போட்டார், தீவுக்குப் போகும் ஃபெர்ரியைக் கடைசியில் தேடினார். விளைவு, ஹேவ்லாக் தீவில் பணம் கட்டிய அறை காலியாகக் கிடக்க, விமானம் இறங்கும் தலைநகர் போர்ட் பிளேரில் இன்னொரு அறைக்குப் பணம் கொடுத்துத் தங்கினோம். காசு திரும்பி வரவில்லை.

அங்கே பயணத்தை நிர்ணயிப்பவை மூன்று: ஃபெர்ரி, கடலின் ஏற்றவற்றம் (தண்ணீர் கரையேறுவதும் உள்வாங்குவதும்), சீக்கிரம் இருட்டிவிடும் மாலை. இந்த மூன்றையும் ஒட்டித் திட்டம் போட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். கீழே இருப்பது சென்னையிலிருந்து முதல் முறையாகப் போகிறவர்களுக்கானது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை எங்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால், தேதி, காகிதம், காசு, நேரம் இவற்றைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

டிசம்பர் 20 வாக்கில் தொடங்கி ஜனவரி 5 வரை உச்ச சீசன். நம் அரையாண்டு விடுமுறை, வடக்கே குளிர்கால விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் அந்த இரண்டு வாரத்தில்தான் வந்து விழும். மற்ற நாளில் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும் அறைக்கு அப்போது 6,000 கேட்பார்கள். கேட்ட விலைக்கும் கிடைக்காமல் போவது உண்டு.

இவ்வளவு கொடுத்தாலும் அது கடலின் சிறந்த பருவம் இல்லை. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் இருக்கும், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகவும் வாய்ப்பு உண்டு. ஜனவரி பாதிக்கு மேல் ஏப்ரல் வரைதான் கடல் அடங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும். வெயில் எப்போதும் 30 டிகிரியை ஒட்டித்தான், இரவில் 23 வரை இறங்கும். ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

எனவே என் யோசனை: குழந்தைகளின் பள்ளி அனுமதித்தால் பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துப் போங்கள். கூட்டமும் விலையும் இறங்கியிருக்கும், கடலும் நன்றாக இருக்கும். டிசம்பர்தான் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் பரவாயில்லை.

தேதி குறிக்கும்போது வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரையும் ஒரு பார்வை பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அமாவாசையை ஒட்டிய இருட்டு இரவுகளில் ஹேவ்லாக்கில் கயாக் படகில் கூட்டிப்போய், துடுப்பு பட்ட இடத்தில் தண்ணீர் நீலமாக ஒளிர்வதைக் காட்டுவார்கள். அதைப் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால் பௌர்ணமி வாரத்தில் போய்ப் பிரயோஜனம் இல்லை. நிலா வெளிச்சத்தில் அந்த ஒளி எடுபடாது. புக் செய்யும்போது விற்பவர் இதை வாயே திறக்க மாட்டார்.

டிசம்பர் 24, 31 இரவுகளில் அறை எடுத்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பல ரிசார்ட்டுகளில் அந்த இரவு விருந்து கட்டாயம். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்துத்தான். புக்கிங் தளத்தில் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பணம் கட்டும் முன்பே ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் செய்து கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், ஃபெர்ரியை முதலில் பிடியுங்கள்

டிக்கெட் தளங்களில் புதுப் பெயர்கள் இருக்கும், ஆட்டோக்காரரும் ஹோட்டல்காரரும் பழைய பெயரில்தான் பேசுவார்கள். போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீப். நீல் தீவு ஷஹீத் தீப். ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீப். 'ஸ்வராஜ் தீப் வேண்டாம், ஹேவ்லாக்தான் வேண்டும்' என்று டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்த குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரையில் பழைய பெயர்களையே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரம். கப்பலிலும் போகலாம், ஆனால் ஒரு வழிக்கே இரண்டரை மூன்று நாள் ஆகும். கப்பல் புறப்படும் நாளும் மாதத்தில் சில தடவைதான். ஒரு வார லீவுக்கு அது கதைக்கு உதவாது.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கடல் வழி மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வகை கப்பல்கள்:

தனியார் ஃபெர்ரி: மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன், ஐடிடி மெஜஸ்டிக் போன்றவை. ஏசி கேபினுக்குள் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேரலாம். ஒரு வழிக்கு ஆளுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 2,000 வரை, மேல் வகுப்புக்கு இன்னும் அதிகம். முன்பதிவு மாதக் கணக்கில் முன்னாலேயே திறந்துவிடும்.

அரசு ஃபெர்ரி: சில நூறு ரூபாய்தான், இரண்டரை மணி நேரம் ஆகும். மேல்தளத்தில் நின்று காற்று வாங்கிக்கொண்டு போகலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் டிக்கெட் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் திறக்கும், உள்ளூர்வாசிகளுக்கு முன்னுரிமை. சீசனில் அதை நம்பி அறை போடாதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை இது. விமான நேரங்களைப் பாருங்கள், ஆனால் பணம் கட்டாதீர்கள். அந்தத் தேதிகளுக்கு போர்ட் பிளேர்–ஹேவ்லாக், ஹேவ்லாக்–நீல், நீல்–போர்ட் பிளேர் மூன்று துண்டுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் ஒரே உட்காரலில் விமானத்தையும் ஃபெர்ரியையும் போட்டுவிடுங்கள். அறை அதற்குப் பிறகு.

முதலில் ஹேவ்லாக், அடுத்து நீல், கடைசியில் போர்ட் பிளேர் என்று சுற்றுங்கள். இதற்குக் காரணம் இரண்டு. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருந்தே ஆக வேண்டும். காலை ஃபெர்ரியில் வந்து மதிய விமானம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரண்டாவது காரணம் ஸ்கூபா, அதாவது காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குவது. அதைக் கீழே சொல்கிறேன். செல்லுலார் சிறையும் ராஸ் தீவும் கடைசி நாளுக்கு. சிறை மூடியிருக்கும் நாள் எது என்று முன்பே கேட்டு, கடைசி நாள் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கும் நாளிலேயே ஹேவ்லாக் போவது காலை விமானம் என்றால் முடியும். ஆனால் விமானம் தாமதமானால் ஃபெர்ரி காத்திருக்காது. இறங்கும் நேரத்துக்கும் ஃபெர்ரிக்கும் நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள்.

3. காகிதங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் போக எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை. 'பெர்மிட் எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது காசு கேட்டால் நடையைக் கட்டுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வரும் உறவினர் உங்களோடு இருந்தால் அவர்களுக்கு விதி வேறு, புறப்படும் முன் இந்தியத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொருவருக்கும் அசல் அடையாள அட்டை, குழந்தைகளுக்கும் ஆதார், கைக்குழந்தை என்றால் பிறப்புச் சான்று. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு ஜெராக்ஸ். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். நமக்கு இனிஷியல் ஒரு தொல்லை: விமான டிக்கெட்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்போம், ஃபெர்ரியில் ஓர் எழுத்தோடு நிறுத்தியிருப்போம். ஒரே மாதிரி போட்டுவிடுங்கள். ஸ்கூட்டர் எடுக்க அசல் ஓட்டுநர் உரிமம் வேண்டும்.

எல்லா டிக்கெட்டையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரில் போன் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது, தீவுகளில் இடத்துக்கு இடம் காணாமல் போகும். யுபிஐ நம்பிப் போனால் இளநீர்க் கடையில் நின்று போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடிக்க வேண்டிவரும். ஹேவ்லாக்கில் ஏடிஎம் கொஞ்சம்தான், சீசனில் பணம் தீர்ந்துவிடும். போர்ட் பிளேரிலேயே ஆளுக்கு ஐந்தாயிரமாவது ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலர் பாராடாங் தீவிலுள்ள குகையையும் இதே பயணத்தில் செருகச் சொல்வார்கள். அது ஜாரவா பழங்குடியினரின் காப்பகம் வழியாகப் போகும் சாலை. வண்டிகளைக் குறித்த நேரத்தில் காவலோடு மொத்தமாக விடுவார்கள், அதற்கு அனுமதி வாங்க வேண்டும், வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம். விடியும் முன்பே கிளம்பி ஒரு முழு நாள் போய்விடும். கடற்கரை விடுமுறைக்கு அது தேவையில்லை என்பேன். இன்னொரு குடும்பத்தின் வாசல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடும் இல்லை.

4. செலவு

இரண்டு பேர், ஐந்து இரவு, டிசம்பர் கடைசி வாரம் என்று வைத்துக்கொண்டு தோராயமாகச் சொல்கிறேன். சென்னை–போர்ட் பிளேர் போகவர இருவருக்கும் 35,000 முதல் 50,000. மூன்று ஃபெர்ரிக்கும் இருவருக்கும் சேர்த்து 10,000 வாக்கில். நடுத்தர அறை ஐந்து இரவுக்கு 25,000 முதல் 35,000. தண்ணீர் விளையாட்டுகளுக்கு 15,000 முதல் 20,000. சாப்பாடு, ஆட்டோ, ஸ்கூட்டர் 12,000 முதல் 15,000. ஆக, ஒரு லட்சத்தில் தொடங்கி ஒன்றேகால் லட்சம் தாண்டும். பொங்கலுக்குப் பிறகு என்றால் விமானத்திலும் அறையிலும் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு குறையலாம்.

'எல்லாம் உள்ளடக்கம்' என்று பேக்கேஜ் விற்பவர்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஃபெர்ரி தனியாரா அரசா? என்னென்ன தேதியில் எத்தனை மணிக்கு? ஸ்கூபா, படகு, நுழைவுக் கட்டணங்கள் உள்ளேயா வெளியேயா? ஃபெர்ரி ரத்தானால் அறைப் பணம் என்ன ஆகும்? நான்காவது கேள்விக்குப் பதில் வராமல் பேச்சு வேறு பக்கம் போனால் அந்த ஆளை விட்டுவிடுங்கள்.

5. கப்பல் ஏறும் காலை

தனியார் ஃபெர்ரிகள் பெரும்பாலும் ஹேடோ துறைமுகத்திலிருந்தும், அரசு ஃபெர்ரி ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்தும் (படகுத் துறை) கிளம்பும். இரண்டும் வேறு வேறு இடம். டிக்கெட்டில் எது என்று பார்த்து ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொல்லி ஏறுங்கள். வெறுமனே 'ஜெட்டி' என்றால் அவருக்குத் தோன்றிய ஜெட்டிக்குப் போவார். மீட்டர் கிடையாது, ஏறும் முன் பேசிக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த ஓட்டுநர்கள் போர்ட் பிளேரில் நிறைய உண்டு. "அண்ணே, ஹேடோ வரைக்கும் எவ்வளவு?" என்று தமிழிலேயே தொடங்கிப் பாருங்கள், பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளக் குடும்பங்கள் அதிகம், அங்கே இந்தி வேண்டும்.

புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அடையாள அட்டை, பை சோதனை, பெட்டிக்கு டேக் என்று வரிசையில் நிற்க வேண்டும், கதவை நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். பெரிய பெட்டி அடியில் போய்விடும், கேமராவும் மருந்தும் தோள்பையில் இருக்கட்டும்.

டிசம்பர் கடலில் ஃபெர்ரி ஆடும். இருக்கைக்கு முன் செருகியிருக்கும் காகிதப் பைகள் அலங்காரத்துக்கு அல்ல. வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையை டாக்டரிடம் முன்பே கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரை மணிக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் பூரி வேண்டாம், இரண்டு இட்லி போதும். இஞ்சி மொரப்பா ஒரு பொட்டலம் வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். பின்பக்க இருக்கைகளில் ஆட்டம் குறைவு.

6. ஹேவ்லாக்: மணியையும் தண்ணீரையும் பாருங்கள்

அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரம், ஆனால் கடிகாரம் அதே இந்திய நேரம். டிசம்பரில் காலை ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும். மாலை ஐந்தை ஒட்டி சூரியன் மறைந்து, ஐந்தரைக்கு இருட்டு. ஒன்பது மணிக்கு எழுந்து, பதினொன்றுக்கு டிபனை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு நாளில் பாதி போய்விட்டது. படகுகள் பிற்பகல் இரண்டு இரண்டரைக்கே கடைசி ஆளை ஏற்றிவிடும். ஆறு மணிக்கு எழுந்தால்தான் கொடுத்த காசுக்கு நாள் முழுதாகக் கிடைக்கும்.

அடுத்தது ஏற்றவற்றம். ஒரு நாளில் இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வற்றும், நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். மெரினாவில் நமக்கு இது தெரியவே தெரியாது. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், அதாவது மூன்றாம் எண், ஐந்தாம் எண் கடற்கரைகளில், வற்றத்தின்போது தண்ணீர் நூறு அடிக்கும் மேல் உள்ளே போய்விடும், பாறையும் பவளத் துண்டுகளும்தான் மிஞ்சும். அறையிலிருந்து இறங்கினால் கடல் என்று பெருந்தொகை கொடுத்தவர்கள், பிற்பகலில் வாசலில் நின்று கடல் எங்கே போயிற்று என்று கேட்பதைப் பார்க்கலாம். அங்கே தங்குவது தப்பில்லை, காலை சூரியன் அழகு. குளிக்க மட்டும் ஏற்ற நேரத்தைக் கேட்டுப் போங்கள். அட்டவணை போனிலேயே கிடைக்கிறது, ஹோட்டல் முகப்பிலும் கேட்கலாம்.

குளிக்க ஏற்றது ஏழாம் எண் கடற்கரையான ராதாநகர். ஜெட்டியிலிருந்து 12 கிலோமீட்டர் வாக்கில், அரசு பஸ்ஸும் உண்டு, ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 500–700. மணல் அடி, பாறை கிடையாது, உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். மேற்குப் பார்த்த கரை என்பதால் மாலையில் கூட்டம் முழுக்க அங்கேதான். நாலரைக்குள் போய்விடுங்கள். கொடி கட்டிய எல்லைக்குள் மட்டும் குளியுங்கள், ஓடை கடலில் கலக்கும் ஓரங்களுக்குப் போகாதீர்கள். உப்புநீர் முதலைகள் இந்தத் தீவுகளில் உண்டு. 2010-ல் ராதாநகர் அருகே ஸ்நார்கெலிங் (முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவரை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எலிஃபண்ட் பீச்தான் தண்ணீர் விளையாட்டுகளின் சந்தை. ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து 20 நிமிடப் படகு, ஆளுக்கு 1,000 ரூபாயை ஒட்டி, கொஞ்ச நேர ஸ்நார்கெலிங்கும் சேர்த்து. காட்டு வழியாக நடந்தும் போகலாம், மழை பெய்திருந்தால் சேறு. முதல் படகிலேயே போங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் அலைமோதும், கால்களும் துடுப்புகளும் கலக்கிய தண்ணீரில் மீன் தெரியாது. டிக்கெட்டோடு வரும் ஸ்நார்கெலிங் என்பது மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம்தான். 'உள்ளே நல்ல பவளம் இருக்கு, கொஞ்சம் கூடக் கொடுத்தால் காட்டறோம்' என்ற பேரம் தண்ணீருக்குள் இருக்கும்போதே தொடங்கும். கரையிலேயே எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எவ்வளவு காசு என்று பேசி முடித்துவிடுங்கள்.

ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு எல்லாம் கோவளத்திலும் கிடைக்கிறது, அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். நீச்சல் தெரியாத பெரியவர்களுக்குக் அடியில் கண்ணாடி பதித்த படகு நல்லது. தலையில் கவசம் மாட்டிக் கடலடியில் நடக்கும் ஸீ வாக் 3,500-க்கு மேல். அதே காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் ஸ்கூபா செய்துவிடலாம். யாராக இருந்தாலும் லைஃப் ஜாக்கெட்டின் கிளிப்புகள் மூன்றும் மாட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சீசனில் உடைந்த கிளிப்பைக் கயிறால் கட்டிக் கொடுப்பதும் நடக்கிறது.

சாயங்காலக் கரைகளில் மணல் ஈ கடிக்கும். கடிக்கும்போது தெரியாது, ராத்திரி தூங்க விடாது. முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போங்கள், மணலில் நேரடியாக உட்காராமல் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

7. ஸ்கூபா: இதற்கு மட்டும் தனிக் கவனம்

நீச்சல் தெரியாதவர்களும் முதல் முறை செய்யும் டைவ் ஒன்று இருக்கிறது. வயது குறைந்தது 10. கரையிலிருந்தே இறங்குவதற்கு 3,500 முதல் 4,500, படகில் போய் இறங்குவதற்கு 5,500-க்கு மேல். தண்ணீருக்கு அடியில் அரை மணி நேரம் வாக்கில், ஆழம் 12 மீட்டருக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது. நான்கு நாள் ஒதுக்க முடிந்தால் சான்றிதழ் படிப்பே முடிக்கலாம், அதற்கு 25,000–30,000 ஆகும்.

முதலில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள். 'எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க சார்' என்று அவசரப்படுத்தும் கடையில் டைவ் செய்யாதீர்கள். உங்களுக்கு ஏதாவது இருந்தால் சென்னையிலேயே டாக்டரிடம் சான்று வாங்கி வந்துவிடுங்கள், அங்கே அந்த நேரத்தில் டாக்டரைத் தேடி அலைய முடியாது. சளி பிடித்திருந்தால் அன்று வேண்டாம். காது அடைத்துக்கொண்டு வலி உயிர் போகும். அதனால்தான் ஹேவ்லாக்கில் குறைந்தது இரண்டு இரவு வையுங்கள் என்கிறேன், இன்று முடியாவிட்டால் நாளை என்று தள்ளலாம்.

கடை தேர்ந்தெடுக்கும்போது ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் டைவுக்கு ஒருவருக்கு ஒருவர் இருப்பதுதான் சரி. வீடியோ விலையில் அடக்கமா, அன்றே கொடுப்பார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சீசனில் நாள் கிடைக்காது, புறப்படும் முன்பே காலை முதல் நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

இறங்கும் முன் இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி கொடுப்பார்கள். அதை அவசரமாக முடிக்க விடாதீர்கள். மூக்கால் மூச்சு விடும் பழக்கத்தை மறந்து வாயால் மெல்ல இழுத்து விட வேண்டும். ஒவ்வொரு முறை கொஞ்சம் இறங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் காது 'டப்' என்று திறக்கும், வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அப்புறம் சைகை. இது முக்கியம். நமக்குக் கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' என்று அர்த்தம். தண்ணீருக்குள் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டி, அடுத்த நிமிடமே கரைக்குக் கொண்டுவரப்பட்டு, 'ஏன் அதுக்குள்ள முடிச்சிட்டீங்க?' என்று கேட்பவர்கள் தினமும் உண்டு. எல்லாம் சரி என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். தலையாட்டுவதும் உதவாது. பவளத்தைத் தொடாதீர்கள், கிழித்துவிடும்.

டைவ் முடிந்து விமானம் ஏறுவதற்கு முன் ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், தொடர்ந்து செய்திருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் ஆகும். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் போட வேண்டியதே இல்லை. முதலில் ஹேவ்லாக் போகச் சொன்னதன் காரணம் இதுதான். நீல், போர்ட் பிளேர் என்று சுற்றி வருவதற்குள் அந்த நேரம் தானாகக் கடந்துவிடும்.

8. நீல்: ஒரு இரவு போதும்

ஹேவ்லாக்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சின்னத் தீவு, சைக்கிளே போதும். பரத்பூர் கடற்கரையில் கண்ணாடிப் படகும் ஸ்நார்கெலிங்கும் ஏற்ற நேரத்தில். லக்ஷ்மண்பூர் இரண்டு என்ற கடற்கரையில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்துக்கு நேர்மாறாக வற்ற நேரத்தில்தான் போக முடியும். பாறைக் குட்டைகளில் கடல் வெள்ளரியும் நண்டும் கிடக்கும், வழுக்காத செருப்பு வேண்டும். ஆக, நீலில் என்ன எப்போது என்பதை அந்த நாளின் அட்டவணையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேக்கேஜ் வண்டிகள் தினமும் ஒரே நேரத்துக்கு எல்லோரையும் கொண்டுபோய் நிறுத்தும், பாதி நாட்களில் பாலத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள்.

9. ஃபெர்ரி ரத்தானால்

2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கி, கடற்படைக் கப்பல்கள் வந்து அழைத்துப்போயின. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், டிசம்பரில் ஓரிரு நாள் கப்பல் நிற்பது அதிசயமல்ல. எனவே திரும்பும் விமானத்துக்கு முன் போர்ட் பிளேரில் ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு வைத்தால் நிம்மதி. கடல் நன்றாக இருந்தால் அந்த நாளை வண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலி பாய் தீவுக்குக் கொடுக்கலாம். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், முன்பே எடுங்கள். திங்கள் விடுமுறை. பிளாஸ்டிக் எதையும் கொண்டுபோக முடியாது.

ரத்து என்று அறிவித்ததும் ஜெட்டியில் கூட்டத்தோடு நிற்பதைவிட, ஒருவர் அறையை நீட்டிக்கப் போக, இன்னொருவர் கவுண்டரில் அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுக்க நிற்கட்டும். தீவில் அறைகள் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ரத்துக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், ஹோட்டலிலும் பயணக் காப்பீட்டிலும் பணம் கேட்க அதுதான் ஆதாரம். காப்பீடு எடுக்கும்போது ஸ்கூபா உள்ளே வருகிறதா என்று பாருங்கள், பலவற்றில் வராது.

10. திரும்பும் நாள்

கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, பவளத் துண்டு எதையும் பெட்டியில் போடாதீர்கள். செத்த பவளம் என்றாலும் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்தான். விமான நிலையத்தில் ஸ்கேனரில் பிடித்து, பெட்டியைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். குழந்தைகள் சட்டைப் பையில் போட்டு வைத்திருப்பார்கள், முந்தைய இரவே துழாவிப் பாருங்கள். கடையில் வாங்கிய சங்கு என்றால் உரிமம் உள்ள கடையின் பில் கையில் இருக்க வேண்டும், பில் தராத கடையில் வாங்காதீர்கள். அந்த பில்லைப் பெட்டிக்குள் வைக்காமல் அடையாள அட்டையோடு சேர்த்துத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.